பச்சையம்மாள் கலக்கிய மோர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலதிகாரி கேட்டபோது, "கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும் மேடம்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். என்னிடம் உற்சாகம் எப்போதுமே கம்மி. சோதனைக்கூடத்தில் இருந்த காலம் முழுக்கப் பயந்து பயந்தே வேலை பார்த்தவள் நான். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்ததெல்லாம் உண்டு. ஆகவே, பயந்த கதை ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்கள் பாடத்தில் 'கேரியர்' என்ற சொல் பல இடத்தில் வந்திருக்கும். தனக்கு ஒன்றும் இல்லாமல் கிருமியை மட்டும் உடம்பில் வைத்துக்கொண்டு நடமாடும் ஆள் ஒரு கேரியர். அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போகும் தண்ணீரும் காற்றும் கேரியர். வீரியமான மருந்தைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் வெறும் பொடிக்கும் அதே பெயர்தான். பரீட்சையில் இதையெல்லாம் வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். எனக்கு இவையெல்லாம் ஒரே கார்த்திகை மாதத்தில், ஒரே சத்திரத்தில் வந்து வாய்த்தன.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் அப்போது இவ்வளவு அலுவலகங்கள் கிடையாது. இன்று கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் பக்கமெல்லாம் வயல்தான். பெரிய காரியம் எதற்கும் வேலூருக்கு ஓட வேண்டும். தீபத் திருவிழாவை முன்னிட்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, தற்காலிகச் சோதனைக்கூடம் என்று பலகை மாட்டி, என்னை வேலூரிலிருந்து அனுப்பிவைத்தார்கள். ஊர்க்காரர்கள் எனக்கு 'டெஸ்டு அம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கொடியேற்றத்துக்கு முன்பே காய்ச்சல் வந்துவிட்டது. பந்தல் போட வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வார்டில் வந்து படுத்தார்கள். ரத்தத்தைப் பார்த்தேன். டைபாய்டு. அத்தனை பேரும் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், மலை சுற்றும் பாதையில் இருந்த ஓர் அன்னதானச் சத்திரத்தில் சாப்பிட்டவர்கள். தீபத்தன்று மலை சுற்றுகிற ஜனம் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே நின்று இரண்டு கையையும் குவித்து மோர் வாங்கிக் குடிக்காவிட்டால் பலருக்குச் சுற்றிய திருப்தியே வராது.

எங்கள் சுகாதார அதிகாரி கெட்டிக்காரர், அவசரக்காரர். சத்திரத்துக்குப் போய் விசாரித்ததில், மோர் கலக்கும் பச்சையம்மாள் முன்பொரு சமயம் டைபாய்டில் கிடந்து பிழைத்தவள் என்று தெரிந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. சத்திரத்து மேனேஜர் ஏகாம்பரமும் சமையலாட்களும் சுற்றி நிற்கும்போதே என் பக்கம் திரும்பி, "இந்தம்மாதான் கேரியர். சாம்பிள் எடுத்துப் பாத்து எழுதிக் குடுங்க, உடனே நிறுத்திடலாம்" என்றார்.

பச்சையம்மாளுக்கு அந்தச் சொல் புரிந்திருக்காது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பித் தன்னைப் பார்த்தது புரிந்தது. மத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது. அதிகாரி சொன்னது தப்பாக இருந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்பு.

அடுப்படிக்குப் பின்னால் அவளைத் தனியாகக் கூட்டிப் போய், மலச் சோதனைக்கான டப்பாவைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"நான் இன்னாம்மா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. முன்ன உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு இல்ல? அந்தக் கிருமி இன்னும் உள்ள தங்கியிருக்குதான்னு பாக்கணும்."

"தங்கியிருந்தா நான் எப்பிடிம்மா நல்லா இருப்பேன்?"

"சில பேருக்கு அப்பிடித்தான். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்க கைபட்டதைச் சாப்பிடறவங்களுக்கு வந்துடும்."

"எம்பொண்ணு தினம் என் கையாலதான் சாப்புடுது. அதுக்கு ஒண்ணும் வரலையே."

சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று இழுத்தேன். அவள் நான் சொல்வதைக் கேட்கவில்லை. மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"கீழ்பென்னாத்தூர்ல பேசி முடிச்சிருக்கோம்மா. தீபத்துக்கு மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. இது அவங்க காதுக்குப் போச்சுன்னா, ஆத்தாளுக்கு இருக்கறது பொண்ணுக்கும் ஒட்டிக்கினு இருக்கும்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க. நீ இன்னா டெஸ்டு வேணா பண்ணிக்க. அந்தப் பேரை மட்டும் எனக்கு வெச்சிடாத."

டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

அந்த முதல் சாம்பிளில் கிருமி வளரவில்லை. நான் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"நெகடிவா? அப்ப அவ இல்ல."

"அப்படிச் சொல்ல முடியாது சார். கேரியரா இருந்தாலும் தினமும் கிருமி வெளிய வராது. மூணு தடவையாவது பாத்தாதான் விதிப்படி சரி."

"அப்ப அவதான்."

"அப்படியும் சொல்ல முடியாது சார்."

"பின்ன எதைத்தாம்மா சொல்ல முடியும் உங்களால?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வி உங்களையும் தேடி வரும். கேட்பவர் மோசமான ஆளாக இருக்க மாட்டார். அவருக்கு மேலே ஒருவர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருப்பார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஏதாவது ஒன்றை எழுதித் தள்ளிவிட்டால் என்ன என்று உங்கள் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. ஆமாம் என்று எழுதினால் ஒரு குடும்பத்தின் கல்யாணம் போகும். இல்லை என்று எழுதி அவள் உண்மையிலேயே கேரியராக இருந்தால், மலை சுற்ற வந்த ஜனம் காய்ச்சலை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குள் சத்திரத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. பச்சையம்மாளுக்கு மட்டும் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இறைப்பவன், அவள் தொட்ட குடத்தில் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டான். இரண்டாவது டப்பாவை அவள் என்னிடம் நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஊர் அதற்குள் எழுதி முடித்துவிட்டது.

கிருமி வளருமா வளராதா என்று தட்டுகளையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. வார்டுக்குப் போய், படுத்திருந்த ஆட்களிடம் திரும்பவும் பேச்சுக் கொடுத்தேன். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே குடித்தீர்கள் என்று கேட்ட கேள்வியையே சுற்றிச் சுற்றிக் கேட்டேன். ஓர் ஆளுக்கு எரிச்சலாகிவிட்டது.

"மோரு மோருன்னு எத்தினி வாட்டிம்மா கேப்ப? எனக்கு மோரே ஆவாது. ஒரு முழுங்கு குடிச்சாலும் சளி புடிச்சிக்கும். நான் அங்க சோறும் கொயம்பும் துன்னுட்டு, தொட்டித் தண்ணிதான் குடிச்சேன்."

அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்புபவன் கிணற்றுக்காரன். பச்சையம்மாள் அந்தப் பக்கமே போவதில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு சத்திரத்துக்கு ஓடினேன்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, சோதனை மருந்து விட்டுப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் என்றால் மஞ்சள் நிறம் காட்ட வேண்டும். நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகவே இருந்தது. மறுபடி பார்த்தேன். மாற்றமில்லை. எங்கள் ஆட்கள் சத்திரத்துக்குக் கொடுத்தது புத்தம்புதிய பவுடர். ஏகாம்பரமோ சாமி மேல் சத்தியம் செய்தார்.

"வாரா வாரம் என் கையால போடறேம்மா. அளவு கூட கம்மி பண்றதில்ல."

"மிச்ச பவுடர் எங்க இருக்குது? காட்டுங்க."

மாடிக்குக் கூட்டிப் போனார். மழை விட்டு வெயில் வந்திருந்தது. ஒரு பக்கம் பாயில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு பாயில் வெள்ளையாக மெல்லிசாகப் பரப்பி வைத்திருந்தார்கள். யாரோ இடித்த மாவைக் காய வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"இதாம்மா பவுடர்" என்றார் ஏகாம்பரம்.

குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டு போனேன். நல்ல பவுடராக இருந்தால் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். இதில் ஒன்றுமே இல்லை.

"இதை ஏன் இங்க கொட்டி வெச்சிருக்கீங்க?"

"வாடை ஜாஸ்திங்கம்மா. சாமி கும்பிட்டுட்டு வரவங்க மோர வாயில வெச்சதும் மூஞ்ச சுளிக்கிறாங்க. ஒருத்தரு துப்பியே வுட்டாரு. அன்னதானத்துல அப்பிடி ஆகலாமா? அதான் காத்தாட ஆறப்போட்டு, வாடையெல்லாம் போனப்பறம் கெணத்துல போடறேன். மோந்து பாருங்க, இப்ப எதுனா வருதா?"

அவர் குரலில் பெருமை இருந்தது. கடலையைக் காய வைத்துப் பக்குவம் பண்ணுகிற ஊரில், பவுடரையும் காய வைத்துப் பக்குவம் பண்ணியிருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஐயா, அந்த வாடைதான் மருந்து" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. சொன்னேன். அந்த வெள்ளைப் பொடி வெறும் சுண்ணாம்பு. மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் கொண்டு போய்ச் சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. வெயிலும் காற்றும் பட்டால் மருந்து பறந்துவிடும். பொடி அதே வெள்ளையோடு, அதே அளவோடு அப்படியே கிடக்கும். பார்த்தால் யாருக்கும் தெரியாது.

"அப்ப நான் இத்தினி நாளா கெணத்துல போட்டது?"

"சுண்ணாம்பு."

ஏகாம்பரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ, எம்பேரப் புள்ளைங்களும் அந்தத் தண்ணியத்தானேம்மா குடிக்குது" என்றார். அவரைத் திட்டுவதற்காக வாயில் வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

சந்தோஷமாக இருந்தது. பச்சையம்மாளிடம் ஓடிப் போய், நீங்கள் இல்லை அக்கா, பவுடர்தான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. பாதிப் படியிலேயே என் கால் நின்றுவிட்டது. பவுடர் செத்துப்போனது என்றால், கிருமியைத் தடுக்க ஆளில்லாமல் போனது என்றுதான் அர்த்தம். கிருமி எப்படி வந்தது என்பதற்கு அது பதிலாகாது. ஐப்பசி மழையில் சத்திரத்துக்குப் பின்னாலிருந்த சாக்கடை வழிந்து கிணற்றடி வரை வந்திருந்தது. அதன் வழியாக வந்திருக்கலாம். பந்தல்காரர்களிலேயே யாராவது கொண்டு வந்திருக்கலாம். பச்சையம்மாளிடமிருந்தும் வந்திருக்கலாம். ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டதும் மற்றவர்களை விடுதலை செய்துவிடுகிற புத்தி நம் வேலைக்கு ஆகாது. மனசு கனத்து இறங்கி வந்தேன்.

சேதி சொன்னதும் அதிகாரி உடனே வந்தார். கிணற்றை இறைத்துப் புதுப் பவுடர் போட ஆள் அனுப்பினார். அதில் அவரைப் போல வேகமாக வேலை செய்பவரை நான் பார்த்ததில்லை. பிறகு, "அந்தம்மாவையும் நிறுத்திடுங்க. ரிசல்ட் வர வரைக்கும்" என்றார்.

"இப்ப அவங்கள மட்டும் நிறுத்தினா ஊரு முடிவே பண்ணிடும் சார்."

"ஊரு சொல்றதுக்கு நான் பொறுப்பில்லம்மா. ஜனங்க உசுருக்குத்தான் பொறுப்பு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது ஒரு பக்கத்தை விட்டுவிடுவது சுலபம். கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றேன். பெரிய அண்டாவில் சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி முகத்தில் அடித்தது. அப்போதுதான் தோன்றியது. கிருமியைச் சுமப்பது ஆளா தண்ணீரா என்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் கொதிக்கிற அண்டாவைத் தாண்டி வர முடியாது.

"சார், இந்த வருஷம் மோர் வேணாம். சுக்கும் வெல்லமும் தட்டிப்போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் குடுக்கலாம். அண்டாவுல குழாய் வெச்சுடலாம். கொதிச்சப்பறம் யார் கையும் படக்கூடாது. சோறும் சுடச்சுட இருக்கட்டும். அப்பறம் சத்திரத்துல வேலை செய்யற எல்லாரும் டப்பா குடுக்கட்டும். ஒருத்தர் பாக்கி இல்லாம."

ஏகாம்பரம் பதறினார். "மோரு குடுக்கறது எங்க பெரியவங்க எழுதி வெச்ச கட்டளைங்க. அத எப்பிடி நிறுத்தறது?"

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். ஏகாம்பரத்துக்கு மாடியில் காய்ந்த பவுடர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "டப்பா எனக்குமாம்மா?" என்று கேட்டார்.

"உங்களுக்கும்தான். நானும் இங்கதான் சாப்பிட்டேன். எனக்கும்தான்."

அங்கே இருந்த அத்தனை பேரும் நெளிந்தார்கள். பச்சையம்மாள் முகத்தில் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது.

அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தம்மா?"

"அடுப்புல விறகு தள்ளட்டும் சார். கொதிக்கறத கிளறட்டும். அதோட சரி."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் சொன்னேன்னு எழுதிக்குங்க சார்."

சொல்லிவிட்டேன். டைபாய்டு வந்த மறுநாளே தெரிந்துவிடும் நோயா என்ன? தீபத்தன்று ஒருவர் உடம்பில் ஏறினால் அவர் ஊருக்குப் போய்ச் சில வாரம் கழித்துத்தான் படுப்பார். நான் சரியாகச் செய்தேனா தப்பாகச் செய்தேனா என்று தெரியும்போது, திருத்துவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

தீபத்தன்று கூட்டம் தாங்கவில்லை. குளிருக்குச் சுக்குவெந்நீர் இதமாக இருக்கவே, மோர் எங்கே என்று ஒன்றிரண்டு பேர்தான் கேட்டார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று பச்சையம்மாளைத் தேடினார். முகத்தில் ஒரு மாதிரியான விறைப்பு. பேச்சு அவர் காதுக்குப் போயிருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"சம்பந்தியம்மாவ மோர் கலக்கறதுல இருந்து எடுத்துட்டாங்களாமே?" என்று ஏகாம்பரத்திடம் கேட்டார்.

ஏகாம்பரம் குரலை உயர்த்தினார். "மோரே இல்லையேம்மா இந்த வருசம். கெணத்துல கோளாறு. அது என் கோளாறு. டெஸ்டு எங்க எல்லாருக்கும் எடுத்தாங்க, எனக்கும் சேத்துதான். தோ பாருங்க, இத்தினி ஜனத்துக்கும் அடுப்பு உங்க சம்பந்தியம்மா பொறுப்புலதான் எரியுது."

தன் கோளாறு என்று அத்தனை பேர் காது கேட்கச் சொன்னாரே, அதற்காக அந்த மனிதரை நான் இன்றுவரை மரியாதையோடு நினைக்கிறேன். மலை மேல் தீபம் ஏறியதும் எல்லோரும் அரோகரா என்று கை தூக்கினார்கள். நான் அண்டாவின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்த வாரங்கள்தான் கொடுமை. வார்டில் யார் இருமினாலும் எட்டிப் பார்த்தேன். வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து சேதி வருமோ என்று ஒவ்வொரு தபாலையும் முதல் ஆளாகப் பிரித்துப் பார்த்தேன். காய்ச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. சத்திரத்து ஆட்களில் ஒருவருக்கும் கிருமி வளரவில்லை. பச்சையம்மாளுக்கு மூன்று தடவையும் இல்லை. கிருமி எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரியாது என்றுதான் எழுதினேன்.

தை மாதம் கீழ்பென்னாத்தூரில் கல்யாணம். பச்சையம்மாள் வேலூருக்கு ஆள் அனுப்பி என்னை வரவழைத்தாள். போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். கடைசியில் மோர் வந்தது. கொண்டு வந்தது பச்சையம்மாள்தான்.

"என் கையால கலக்கனதும்மா" என்றாள்.

பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எதிர் வரிசையில் இருந்தார். அவர் முன்னால் இருந்த டம்ளர் நிரம்பியிருந்தது, தொடவில்லை. என் கையும் நகரவில்லை. மூன்று தடவை இல்லை என்று கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான். விதிப்படி அவள் சுத்தம். ஆனால் ஆயிரத்தில் ஒருவர் தப்பிவிடலாமே என்று மனசு முணுமுணுத்தது. என் ரிப்போர்ட்டை நானே நம்பாவிட்டால் அந்த அம்மாள் எதற்காக நம்ப வேண்டும்?

எடுத்துக் குடித்தேன். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர், நன்றாகத்தான் இருந்தது. எதிரில் அந்த அம்மாளும் டம்ளரைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்தபின் பல நாள் என் நெற்றியை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. பயம் அப்படியெல்லாம் போய்விடாது. போகவும் வேண்டாம். ஆனால் அது உங்கள் நெற்றியில் இருக்கட்டும், இன்னொருவர் பேரில் ஏற்றிவிடாதீர்கள்.

அன்றைக்குப் பந்தியில் பச்சையம்மாள் பாத்திரத்தோடு என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

டம்ளரை நீட்டினேன்.